துப்பத் தெரியாதவள்

முகம் சுளிக்காமல் கேளுங்கள், கண்ணுகளா. இது சளியைப் பற்றிய கதை. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் முடித்துவிட்டு வாருங்கள், கதை எங்கும் ஓடிவிடாது.

திருக்கழுக்குன்றத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூர். அங்கே வேண்டா என்று ஒருத்தி. இருந்த துண்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அவள் புருஷன் உலகநாதன் மகாபலிபுரத்தில் டூரிஸ்ட் வேன் ஓட்டினான். ஒரே மகள் தமிழ்ச்செல்வி. சின்ன வயதில் அவளுக்கு அம்மை போட்டது. அது நெஞ்சில் இறங்கி நிமோனியா ஆகி, எப்படியோ பிழைத்தாள். ஆனால் இருமல் அவளை விட்டுப் போகவில்லை. காலையில் எழுந்தால் கொத்துக் கொத்தாகச் சளி வரும். வாசலுக்கு ஓடிக் காறித் துப்பிவிட்டு வருவாள்.

பள்ளிக்கூட வாசலில் ஒரு பிள்ளையின் அம்மா வேண்டாவிடம் கேட்டாள்: "இன்னாம்மா, உம்பொண்ணு டிபிகாரங்கணக்கா காறிகினே கீது?"

கேட்டவள் அதை அன்றைக்கே மறந்திருப்பாள். வேண்டாவால் முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் மகளிடம் சொன்னாள்: "பொம்பளப் புள்ள காறித் துப்பக் கூடாது. வந்துச்சின்னா முழுங்கிடு. மேல கொஞ்சம் சுடுதண்ணி குடி."

வேண்டாவைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். இருமுகிற பெண்ணைக் கேட்டு எவனும் வாசற்படி ஏறமாட்டான் என்பதை அவள் பார்த்து வளர்ந்தவள். மகள் நன்றாக வாழவேண்டும் என்றுதான் சொல்லிக் கொடுத்தாள். மகளும் பாடத்தைவிட இதைச் சீக்கிரம் படித்துக்கொண்டாள். இருமல் வந்தால் உதட்டை இறுக்கிக்கொள்வாள், தோள் மட்டும் குலுங்கும், தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கும். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

ஊரப்பாக்கத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை பார்த்திபன் மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். மாமியார் ராஜம். மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரு ஹால்.

அங்கே போன பிறகும் மழைக்கு ஒரு காய்ச்சல், பனிக்கு ஒரு காய்ச்சல். ஸ்டேஷன் பக்கத்து கிளினிக்கில் ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுப்பார்கள். தணியும், திரும்ப வரும். டாக்டர் கேட்பார்: "சளி வருதா?"

"இல்ல டாக்டர். வறட்டு இருமல்தான்."

தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார் ஒருவர். அலர்ஜி என்று இழுக்கும் மருந்து கொடுத்தார் இன்னொருவர். உள்ளே இருப்பதை இல்லை என்று சொன்னால் யார்தான் என்ன செய்வார்கள்? அவள் உடம்பு இளைத்தது. சோறு பிடிக்கவில்லை. ராஜம் அக்கம்பக்கத்தில் சொன்னாள்: "என் மருமவ கொறிக்கிறத பாத்தா, நான்தான் பட்டினி போடறேன்னு நெனப்பாங்க."

ஆவணியில் சதுரங்கப்பட்டினத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. பந்தியில் உட்கார்ந்திருந்தவளுக்கு இருமல் வந்தது. வழக்கம்போல வாயை மூடினாள். இந்த முறை வாய்க்குள் வந்தது வெதுவெதுப்பாக, உப்புக் கரித்துக்கொண்டு வந்தது. அதை அவளால் விழுங்க முடியவில்லை. இலையில் பரிமாறியிருந்த வெள்ளைச் சோறு சிவந்தது.

உலகநாதன் வேனிலேயே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"தினமும் எவ்ளோ சளி வரும்?"

"வராது டாக்டர்," என்றாள் தமிழ்ச்செல்வி.

"இந்த நெஞ்ச வெச்சிகினு வராதுன்னு சொன்னா எப்படிம்மா?" என்று சொல்லி, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கையில் கொடுத்தார். "இதுல துப்பிக் குடு. டெஸ்ட்டுக்கு அனுப்பணும்."

கேளுங்கள், கண்ணுகளா. அவளுக்குத் துப்பத் தெரியவில்லை. பிசியோதெரபி செய்கிற பெண் அவளைக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்து, இடுப்புக்குக் கீழே தலையணை அண்டக்கொடுத்து, தலை தாழ்ந்திருக்க முதுகைத் தட்டினாள். உள்ளே கரகரவென்று இளகியது. மேலே வந்தது. தொண்டைக்கு வந்ததும் தொண்டையே அதை வாங்கிக்கொண்டது. "வெளிய, வெளிய," என்கிறாள் அந்தப் பெண். இவளுக்கோ கண்ணில் தண்ணீர்தான் வருகிறது. மறுபடி தட்டினாள். மறுபடி விழுங்கினாள்.

சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த வேண்டா, கட்டிலண்டை வந்து உட்கார்ந்தாள். இரண்டு கையையும் சேர்த்து மகளின் வாய்க்குக் கீழே ஏந்தினாள்.

"எங்கையில துப்புடி."

"வாணாம்மா."

"நான்தான முழுங்க சொன்னேன். நானே சொல்றேன், துப்பு."

அடுத்த இருமலில் அது வந்து வேண்டாவின் உள்ளங்கையில் விழுந்தது. பச்சையாக, கெட்டியாக, நாற்றத்தோடு. பிறகு டப்பா நிறைய வந்தது. இன்னொரு டப்பா வாங்கிவரவேண்டியதாயிற்று.

டிபி இல்லை என்று முடிவு வந்தது. வேண்டா கையெடுத்துக் கும்பிட்டாள். டாக்டரம்மா அவளை உட்காரச் சொன்னார்.

"இதுக்குப் பேரு பிராங்கியெக்டாசிஸ். யாருக்கும் ஒட்டாது. கால்வாய்க் கரை இடிஞ்சி அகலமாயிட்டா தண்ணி ஓடாம நிக்கும்ல, அந்த மாதிரி மூச்சுக்குழாயெல்லாம் அகண்டு போச்சு. சளி நிக்குது, கிருமி வைக்குது, இன்னும் அகலுது. ரெண்டு பக்கமும் கீழ்ப்பாகம் கெட்டுப்போச்சு."

"மாத்திர போட்டா சரியாவுமா?"

"கெட்டது கெட்டதுதான். மிச்சத்த காப்பாத்தலாம். காலையிலயும் சாயங்காலமும் இப்படிப் படுத்து, இருமி, எல்லாத்தையும் வெளிய எடுக்கணும். உசுரு இருக்கிற வரைக்கும்."

"முழுங்கினதாலயா டாக்டர்?"

"அதனால வரல. அந்த நிமோனியாவால வந்தது. ஆனா சளியே இல்லன்னுட்டீங்க. யாரும் தேடிப் பாக்கல."

அந்தப் பதில் வேண்டாவுக்கு ஆறுதலா, தண்டனையா? எனக்குத் தெரியவில்லை.

தமிழ்ச்செல்வி ஊரப்பாக்கத்துக்குத் திரும்பினாள். சில நாள் ஒழுங்காகச் செய்தாள். கட்டில் விளிம்பில் தலையைத் தொங்கப்போட்டு இருமினால் அந்தச் சத்தம் மாடிப்படி வரைக்கும் கேட்கும்.

"காலங்காத்தால ஊருக்கே கேக்குது," என்றாள் ராஜம். "கீழ்வூட்டுக்காரி என்னாண்ட கேக்கறா, உன் மருமவளுக்கு இன்னா நோவுன்னு. அந்தப் பேரு என் வாயில நுழையல. நா இன்னான்னு சொல்றது?"

"ஒட்டாதுன்னு சொல்லுங்க அத்த."

"சொன்னா நம்பிடுவாளா?"

பார்த்திபன் கெட்டவன் இல்லை. மருந்து தீரும்முன் வாங்கிவந்துவிடுவான். அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "கொஞ்சம் மெதுவா இருமேன், செல்வி."

மெதுவாக இருமினால் வராது. உங்களுக்கே தெரியும். அவள் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு இருமிப் பார்த்தாள். தண்ணீர் வீணாகிறது என்றாள் ராஜம். அப்புறம் எல்லாரும் வெளியே போன பிறகு செய்தாள். அப்புறம் அதுவும் இல்லை. உதடு இறுகியது, தோள் குலுங்கியது, தொண்டை ஏறி இறங்கியது. வீடு அமைதியாயிற்று. ராஜத்துக்கு மருமகள் தேறிவிட்டாள் என்றே பட்டது.

ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து, உதடு நீலம் பாரித்து, மறுபடியும் அதே வார்டு. மூக்கில் ஆக்சிஜன். புதுப் படத்தில் இடது பக்கம் இன்னும் கொஞ்சம் போயிருந்தது. இப்படியே இன்னும் இரண்டு தடவை வந்தால் படியேற மூச்சு இருக்காது என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று பார்த்திபன் ஆட்டோ கொண்டுவந்து நின்றான். வேண்டா மகளின் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நா இட்டுகினு போறேன், மாப்ள."

"எதுக்கு அத்த? எங்க வூட்ல நல்லாத்தான பாத்துக்கறோம்."

"பாத்துக்கறீங்க. காதுல கேக்கறதுதான் உங்களுக்கு ஆவல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எத்தினி நாளைக்கு?"

"எனக்கு இன்னா தெரியும்?"

"அம்மா இன்னான்னு எடுத்துக்குவாங்களோ..."

"எப்டினா எடுத்துக்கட்டும். நீ வந்து பாக்கறதுன்னா வா."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தான். அவளுக்குப் பேசுகிற அளவுக்கு மூச்சு இல்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா கொண்டுவந்திருந்த வேனில் ஏறினாள். தீபாவளிக்கு அவன் போன் செய்தான். பொங்கலுக்குச் செய்யவில்லை.

இப்போது வேண்டா வீட்டில் விடிந்ததும் அந்தச் சத்தம்தான். தலை தாழ்ந்து கிடக்கிற மகளின் முதுகை, குழித்த கையால் தட்டுகிறாள். பாதி எடுப்பதற்குள் மகளுக்கு மூச்சு இளைக்கிறது. கண்ணை மூடிக் கிடக்கிறாள். தெருவில் ஒருத்தி குழாயடிக்குப் போகிறவள், கூட வந்த பிள்ளையை இழுத்து அந்தப் பக்கமாக விட்டுக்கொள்கிறாள்.

"கதவ சாத்தும்மா," என்கிறாள் தமிழ்ச்செல்வி.

வேண்டா எழுந்திருக்கவில்லை. "இன்னும் கீது உள்ள," என்கிறாள். "நல்லா இருமு."