கிளை உரசல்

துணை மின்நிலைய ஆபரேட்டருக்குப் பொய் சொல்லவே வராது. அப்படிப்பட்ட மனிதர் பன்னிரண்டு நாளாகப் பதிவேட்டில் பச்சைப் பொய் எழுதிக்கொண்டிருந்தார். காலை 7.10, மாலை 5.40, ஐந்தைந்து நிமிடம் மின்தடை. காரணம்: கம்பியில் கிளை உரசல்.

உண்மைக் காரணம் குரங்குகள். சாலைக்கு இந்தப் பக்கம் அவை தூங்கும் துண்டுக் காடு. அந்தப் பக்கம் ஓடை. முன்பு இரு பக்கத்து மரங்களும் சாலைக்கு மேலே கைகோத்துக்கொண்டு நின்றன. பிளைவுட் ஆலைக்காரன் சாலையோரத்தை மொட்டையடித்த பிறகு, தரையில் இறங்கிப் பழகாத அந்த ஜீவன்களுக்கு மின்கம்பிதான் பாலம். முதல் நாளே ஒரு தாய் கருகிப்போனது. வயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த குட்டியோடு அதைக் கழியால் இறக்கியவர் இவர்தான். அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் அவை காட்டோரத்துக்கு வந்ததும் கை தானாக சுவிட்சுக்குப் போய்விட்டது.

“உங்க சம்பந்தி வீட்டுக்காரங்க போயாச்சா? துணி மெஷின்ல பாதியில நிக்குது,” என்று குரங்குகளைச் சொல்லி மனைவி போனில் இடிப்பாள். “வர்ற தண்ணியே செம்மண் கரைச்சல். காடு போனதுலேர்ந்து நம்ம வீட்ல வெள்ளைச் சட்டைன்னு ஒண்ணு இருக்கா?”

ஆலை ரம்பங்கள் நின்றால் ஆலைக்காரன் சும்மா இருப்பானா? பதின்மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கே பொறியாளர் அம்மா வந்து இறங்கிவிட்டார். பதிவேட்டைப் புரட்டினார். ஜன்னல் வழியே பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம்வரை அடிக்கட்டைகள்.

“எந்தக் கிளைங்க?”

ஆபரேட்டரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மரம் இருந்தால்தானே கிளை? முப்பது வருடமாக எழுதிப் பழகிய காரணம். கை அதையே எழுதியிருக்கிறது, மண்டையில் உறைக்கவில்லை பாருங்கள்.

“இனிமே ஆஃப் பண்ணக் கூடாதுன்னு மேலேருந்து உத்தரவு. மீறினா வேலை போயிடும். நானும் ஒண்ணும் பண்ண முடியாது,” என்றார் பொறியாளர்.

மணி 7.09. காட்டோரத்தில் இலைகள் அசைந்தன. ஆபரேட்டர் சுவிட்சுப் பக்கம் போனார்.

“வேலையை எடுத்துக்குங்க மேடம். நான் திரும்பக் கழி எடுக்க மாட்டேன்.”

சுவிட்சைத் தள்ளினார். மின்விசிறி நின்றது. ஆலையின் இரைச்சலும் நின்றது. கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அவை வந்தன. ஒன்று, வயிற்றில் குட்டியோடு, நடுவழியில் நின்று கீழே போகும் மரலாரியைப் பார்த்தது.

7.15. பழக்கதோஷம், ஆபரேட்டரின் கை சுவிட்சுக்குப் போனது.

“இருங்க,” என்றார் பொறியாளர், ஜன்னலை விட்டுத் திரும்பாமலே. “அந்தம்மா இன்னும் போகல.”

அது போய்ச் சேர்ந்த பிறகு மின்விசிறி சுழன்றது. பொறியாளர் பதிவேட்டை இழுத்து, அன்றைய தேதியைப் போட்டு, காரணம் என்ற இடத்தில் எழுதினார்: கிளை இல்லை. அதன் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.