முழுசாக ஒன்று

“ஆடைதான் மனிதனை மனிதனாக்கியது. ஆதி மனிதன் முறுக்கிய முதல் இழையிலிருந்து இன்றுவரை அறுபடாமல் நீளும் நூலின் முனையைப் பிடித்துக்கொண்டிருந்த கரம், நேற்றுக் காலை ஓய்ந்துவிட்டது” என்று நூல்-துணிக் கைவினை விழாவின் தலைவர் முன்னறையில் முழங்கிக்கொண்டிருந்தபோது, அந்தக் கரத்துக்குச் சொந்தக்காரியின் கணவர் படுக்கையறை அலமாரிக்குள் இடுப்புவரை நுழைந்து, கையே இல்லாத ஒரு ஸ்வெட்டரை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தார். அதற்கு முதுகும் இல்லை.

நான்கு மணிக்கு வண்டி வரும். அதற்குள் அவள் கையால் பின்னிய ஏதாவது ஒன்றை அவள்மேல் போர்த்தியாக வேண்டும். இது எந்த ஊர் முறையும் அல்ல. விழாத் தலைவர் வாசலில் குடையை மடக்கும்போது அவருக்குத் தோன்றிய முறை. ஆனால் அவர் சொன்ன தோரணையில் அது ஆயிரம் வருஷத்துப் பழக்கமாகிவிட்டது. அறையில் இருந்த அத்தனை பேரும் கணவரைத் திரும்பிப் பார்த்தார்கள். முப்பத்தொரு வருஷம் பின்னல் டீச்சரோடு குடித்தனம் நடத்தியவர் வீட்டில் ஒரு போர்வைக்கா பஞ்சம்?

பஞ்சம்தான். ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொடுக்க ஒரு ஸ்வெட்டர் போதாது. அடிவிளிம்பு மட்டும் போட்டது ஒன்று வேண்டும், அக்குள்வரை ஏறியது ஒன்று வேண்டும், ஒரு கை மட்டும் ஒட்டியது இன்னொன்று வேண்டும். “இந்த இடத்துக்கு வந்ததும் இப்படி இருக்கணும்” என்று பட்டறையில் தூக்கிக் காட்டியதும் அதன் பிறவிப் பயன் முடிந்தது. மேற்கொண்டு பின்னுவது மாணவிகள் பாடு. அப்படிப் பிறவிப் பயன் எய்தியவை அந்த வீட்டில் மூன்று அலமாரி, இரண்டு பெட்டி, கட்டிலுக்கடியில் ஒரு மூட்டை.

“என்ன அத்தான், ஆளைக் காணோமேன்னு பாத்தா அலமாரிக்குள்ள குடியேறிட்டீங்க?” மச்சினி கதவருகே நின்றாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

“போர்வை தேடறேன்.”

“அக்கா எப்போ போர்வை பின்னினா?”

“போன வருஷ விழாவுக்கு. இதோ.”

மச்சினி அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினாள். கைக்குட்டைக்கு அண்ணன், துண்டுக்குத் தம்பி.

“இது என்ன அத்தான்?”

“மூலை. போர்வைக்கு மூலை திருப்பறது எப்படின்னு காட்டறதுக்கு.”

“மத்த மூணு மூலை?”

“வீட்டுப்பாடம்.”

மச்சினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த பிறகுதான் எந்த வீட்டில் நிற்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள், பொத்திய கைக்குள்ளேயே சிரிப்பு அழுகையாக மாறிற்று. அவர் அவள் பக்கம் பார்க்காமல் அடுத்த பெட்டியைத் திறந்தார். அதில் காலுறைகள் இருந்தன. எல்லாம் ஒற்றை. விரல் பக்கம் எல்லாவற்றிலும் திறந்திருந்தது.

அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எடுத்த வேலையை முடிக்காமல் விட்டால் தூக்கம் வராத ஜாதி. லிஃப்டை மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவே நிறுத்தி, “இதுவரைக்கும் பாத்துக்கிட்டீங்கல்ல, மீதியை நீங்களே வீட்டுல செஞ்சு பாருங்க” என்று எந்த மெக்கானிக்காவது சொல்லிவிட்டு இறங்கிப் போக முடியுமா? அவள் போனாள். ஊர் ஊராகப் போனாள். நூல் மூட்டைகளை அவர் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். விழாவில் அவருக்குப் பெயரே “டீச்சர் வீட்டு சார்”தான். அங்கே கடை போடும் தையல் இயந்திரக்காரர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அதெல்லாம் போகட்டும். அவருடைய குறை ஒன்றே ஒன்று. கல்யாணமான முதல் குளிர்காலத்தில், “எனக்கு ஒரு ஸ்வெட்டர் போட்டுத் தாயேன்” என்று கேட்டார். “தர்றேன்” என்றாள். அளவு பார்க்க மட்டும் அவரை நிற்க வைத்துக்கொண்டே இருந்தாள். பாதி முதுகு, கால் முதுகு, ஒரு தோள் என்று எத்தனையோ அவர் முதுகில் வைத்துப் பார்க்கப்பட்டிருக்கின்றன. “அசையாதீங்க, கண்ணி நழுவிடும்” என்பாள். முப்பத்தொரு குளிர்காலம் அசையாமல் நின்றிருக்கிறார். போட்டுக்கொள்ளும்படியாக ஒன்று வந்ததில்லை. இரண்டு மாதத்துக்கு முன்புகூடக் கேட்டார். “நீங்க என்ன ஓடியா போறீங்க? விழா முடியட்டும்” என்றாள்.

விழா இன்னும் முடியவில்லை. மூன்று நாள் விழா. இரண்டாம் நாளே அவள் முடிந்துவிட்டாள்.

அதை நினைத்தால்தான் அவருக்குப் பல்லை நறநறவென்று கடிக்க வேண்டும்போல் வந்தது. நேற்று மூன்றாம் கூடத்தில் காலுறைக்குக் குதிகால் திருப்பும் பாடம். பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். “பதினாறாவது கண்ணிக்கு வந்ததும் நிறுத்துங்க, நான் சொல்றேன்” என்றவள், நாற்காலியில் சாய்ந்து, ஊசியைப் பார்த்தபடி தலையைத் தாழ்த்தினாள். பன்னிரண்டு பேரும் பதினாறாவது கண்ணிக்கு வந்தார்கள். நிறுத்தினார்கள். காத்திருந்தார்கள். கண்ணி எண்ணிக்கொண்டிருக்கிறவரைக் கூப்பிடக் கூடாது, கூப்பிட்டால் கணக்கு தப்பிவிடும் என்பது அவள் எல்லாப் பட்டறையிலும் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம். அதை அவர்கள் நன்றாகக் கற்றிருந்தார்கள். ஒன்பது நிமிஷம். அவர் தேநீர்க் கோப்பையோடு உள்ளே வந்தபோது கூடம் அவ்வளவு நிசப்தமாக, ஒழுங்காக இருந்தது. ஒருத்தி உதட்டில் விரலை வைத்து அவரைக்கூட “ஷ்ஷ்” என்றாள்.

முன்னறையில் இப்போது நிசப்தம் இல்லை. ஊசிகள் கடகடத்துக்கொண்டிருந்தன. பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார்கள். கை சும்மா இருந்தால் துக்கம் தாங்கவில்லையாம். அவர் மூட்டையைத் தோண்டிக் களைத்து வெளியே வந்ததும் ஒரு வங்கிக்காரம்மா எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சார், இந்த நேரத்துல கேக்கக் கூடாது…”

“கேளுங்கம்மா.”

“பதினாறுக்கு அப்புறம் டீச்சர் என்ன சொல்லியிருப்பாங்க?”

அவர் அந்த அம்மாளின் கையிலிருந்த காலுறையைப் பார்த்தார். அது அந்தரத்தில் நின்றது.

“எனக்குத் தெரியாதும்மா. நான் மூட்டை தூக்கறவன்.”

அதற்குள் மச்சினி காரியத்தை முடித்திருந்தாள். விருந்தாளிகளுக்கென்று கடையில் வாங்கி வைத்திருந்த பழுப்பு நிறக் கம்பளியை எடுத்து வந்து அக்காமேல் போர்த்தி, தயாரித்த நிறுவனத்தின் முத்திரைத் துணி தைத்திருந்த மூலையை உள்பக்கமாகச் செருகியிருந்தாள். விழாத் தலைவர் குனிந்து, இரண்டு விரலால் அதன் விளிம்பைத் தொட்டார்.

“பாருங்கள்! எந்த இயந்திரத்தால் இப்படி ஒரு சீரைக் கொண்டுவர முடியும்? இது கை அல்ல, தவம்.”

ஒன்பது பேரும் பார்த்தார்கள். அத்தனை பேரும் பின்னத் தெரிந்தவர்கள். குனிந்து அவரவர் கண்ணியை எண்ணத் தொடங்கினார்கள். விழாத் தலைவருக்குப் பின்னத் தெரியாது.

மகள் அப்பாவின் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். “சாப்பிட்டீங்களாப்பா?”

“அந்தாளை முதல்ல பேச்சை நிறுத்தச் சொல்லு.”

“அப்பா, ப்ளீஸ்.”

மூன்றேகாலுக்குப் பல் டாக்டரம்மா வந்தாள். பட்டறையில் அவள்தான் முதல் மாணவி. பல் பிடுங்கிய கைக்குப் பின்னல் சுளுவாக வரும் என்று டீச்சரே சொல்வதுண்டு. கூடத்தைப் பூட்டுமுன் டீச்சரின் பையை எடுத்து வந்திருந்தாள். “எல்லாம் உள்ள அப்படியே இருக்கு சார். நான் எதையும் கலைக்கலை” என்று நீட்டினாள்.

அவர் அங்கேயே நின்றபடி திறந்தார். ஊசிகள், கத்தரி, மூக்குக்கண்ணாடி உறை, பாதி பிஸ்கட் பொட்டலம். அதற்கடியில் மடித்து வைத்த ஒரு கருநீலக் கம்பளி. வழக்கம்போல முதுகு இருக்காது என்று நினைத்துத்தான் பிரித்தார்.

முதுகு இருந்தது. முன்பக்கமும் இருந்தது. வலது கையைத் தேடினார், இருந்தது. இடது கையைத் தேடினார். அதுவும் இருந்தது, மணிக்கட்டுப் பட்டையோடு. தொங்கும் நூல் ஒன்றுகூட இல்லை. தோளை அவர் தோளில் வைத்துப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் அளவெடுக்கப்பட்ட தோள் அவருக்குத் தெரியாதா?

“அப்பா,” என்றாள் மகள்.

“ஆகா!” என்றார் விழாத் தலைவர். “இதுதான் கடைசிப் படைப்பு! இன்று மாலை நிறைவு விழாவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து…” என்றபடி கையை நீட்டினார்.

“கொடுக்க மாட்டேன்.”

“சார், இது இனி உங்கள் குடும்பச் சொத்து மட்டும் அல்ல. நம் கலையின்…”

“எனக்குப் போட்டது. நான் போட்டுக்கப் போறேன்.”

“அத்தான், இப்பவா?” என்றாள் மச்சினி.

“பின்ன எப்போ? அவ பாக்க வேண்டாமா?”

யாரும் பதில் சொல்லுமுன் அவர் இரண்டு கையையும் உள்ளே விட்டு மேலே தூக்கினார். கைகள் வழுக்கிக்கொண்டு போயின. கம்பளி மார்புவரை இறங்கிற்று. கன கச்சிதம். கழுத்து வந்ததும் நின்றுவிட்டது. இழுத்தார். காதுக்கு மேலே பட்டை இறுகி, மேலும் போகவில்லை; பின்னாலும் வரவில்லை.

“சார், இழுக்காதீங்க! ஐயோ, சொல்ல மறந்துட்டேன்,” பல் டாக்டரம்மாவின் குரல் பதறிற்று. “அது… மூணாம் நாள் பாடத்துக்கு வச்சிருந்தது. கழுத்துப் பட்டையோட கடைசி வரிசையை இறுக்கிப் போட்டா தலை நுழையாதுன்னு டீச்சர் எங்களுக்குக் காட்டறதுக்காக. வேணும்னேதான் தப்பாப் போட்டிருந்தாங்க. முழுசா முடிச்சாத்தான் அந்தத் தப்பு தெரியும்னு முழுசா முடிச்சாங்க.”

ஊசிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கம்பளிக்குள் இருட்டாக இருந்தது. அவள் பெட்டியில் போட்டு வைக்கும் பூச்சி உருண்டை வாசனையும், அவள் கைக்குப் பூசும் களிம்பின் வாசனையும் கலந்து அடித்தது.

“வெட்டிடலாமா சார்? கத்தரி இருக்கு.”

உள்ளேயிருந்து தலை இல்லை இல்லை என்று அசைந்தது.

“அப்பா, மெதுவாப் பின்னால இழுக்கவா?”

“இரு.”

“மூச்சு முட்டுதாப்பா?”

“கொஞ்ச நேரம் இருக்கட்டும்மா. அசைச்சுடாதே.”

மகள் கையை எடுத்துக்கொண்டாள். மச்சினி போய் ஜன்னலைத் திறந்தாள். விழாத் தலைவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

நான்கு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வண்டி வந்தது. வண்டிக்காரர் வாசலில் நின்று, “வீட்டுக்காரர் யாருங்க? ஒரு கையெழுத்து வேணும்” என்றார்.

வீட்டுக்காரருடைய இரண்டு கைகளும் அப்போது தலைக்கு மேலே இருந்தன. பல் டாக்டரம்மா ஒரு காலை நாற்காலியில் ஊன்றி அவர் தலையிலிருந்து கழுத்துப் பட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.