உச்சவரம்புக்குள் லாமொண்ட்

மார்ச் மாதத்திலும் அமெரிக்காவின் வடகோடியில் டுலூத் நகரத்து ஏரி உறைந்துதான் கிடந்தது. ஆனால் அன்று மத்தியானம் நாடு முழுக்க, பந்தைக் கையால் எறிந்து பிடித்து ஆடும் அமெரிக்கக் கால்பந்து அணிகளின் அலுவலகங்கள் கொதித்துக்கொண்டிருந்தன. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்கள் இஷ்டப்பட்ட அணிக்குப் போகலாம் என்று கதவு திறக்கிற நாள் அது.

டுலூத் அணியின் மேலாளர் இங்க்ரிட்டின் மேசை முனையில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தார் பர்ட். அணியின் உரிமையாளர். உறைந்த பீட்சா விற்றே கோடீஸ்வரரானவர்.

"அந்த ட்ரேவனைத் தூக்கிடு. ஓடிப்போய் பந்து பிடிக்கிறதுல அவனை அடிச்சுக்க ஆளே இல்ல. பணம் நான் தரேன்."

"பணம் பிரச்சினையே இல்ல பர்ட். மொத்தச் சம்பளம் லீக் வச்ச உச்சவரம்பைத் தாண்டக் கூடாதே! ட்ரேவனை எடுத்தா லாமொண்டுக்கு இடமில்ல."

"லாமொண்டா? அவன் பேர் போட்ட பனியனை அவன் பொண்டாட்டி மட்டும்தான் வாங்கியிருப்பா!"

இங்க்ரிட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லாமொண்ட் பந்தைத் தொடவே மாட்டான். பந்து எறிகிற கோல்பியைச் சாய்க்கப் பாய்ந்து வருகிற, மலைமாடு மாதிரியான எதிரணி ஆட்களைக் குறுக்கே நின்று மறிப்பது அவன் வேலை. போன வருஷம் கணுக்கால் சுளுக்கி அவன் வெளியே உட்கார்ந்திருந்த ஆட்டங்களில் கோல்பி நின்றதைவிட மல்லாந்து கிடந்ததுதான் அதிகம்.

அந்த நேரம் பார்த்து, ஒப்பந்தம் முடிந்திருந்த லாமொண்டே போனில் கூப்பிட்டான்.

"பாஸ், ஃப்ளோரிடாக்காரங்க நீங்க சொன்னதைவிட நிறையவே தராங்க. சாயந்திரத்துக்குள்ள பதில் சொல்லணும்."

அணியிலேயே பெரிய சம்பளம் கோல்பிக்கு. இங்க்ரிட் அவனைப் போனில் பிடித்தாள்.

"உன் சம்பளத்துல பெரும்பகுதியை இப்பவே போனஸா வாங்கிக்கோ. லீக் கணக்குல அது வரப்போற வருஷங்களுக்கும் பிரிஞ்சுடும். இந்த வருஷம் எனக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும்."

"அந்த இடத்துல ட்ரேவன் வருவானா? காலேஜ்லேருந்தே என் சிநேகிதன்."

"ட்ரேவனுக்கு அது பத்தாது. லாமொண்டுக்குப் பத்தும்."

கோல்பி பெருமூச்சு விட்டான். "சரி. நான் நின்னு எறிஞ்சாத்தானே எவனாவது பிடிக்க முடியும்? ட்ரேவன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

அடுத்த வருஷங்களுக்குத் தலைவலியைத் தள்ளிவிடுகிறோம் என்று இங்க்ரிட்டுக்குத் தெரியும். தெரிந்தேதான் காரைக் கிளப்பினாள். இத்தனைக்கும் பிறகும் ஃப்ளோரிடாவின் தொகையை அவளால் எட்ட முடியவில்லை. நேரில் பேசினால்தான் ஆகும்.

லாமொண்ட் கொல்லைப்புறத்தில், கொட்டுகிற பனியில் அரைக்கால் சட்டையோடு பன்றி விலாவைப் புகையில் வாட்டிக்கொண்டிருந்தான். கோல்பி அவளுக்கு முன்பே வந்து பக்கத்தில் நின்றான்.

"உனக்காக எவ்வளவு பெரிய தியாகம் பண்ணியிருக்கேன் தெரியுமா?"

லாமொண்டின் மனைவி ரெனீட்டா சமையலறைக் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "ஒரு காசு குறையாம மொத்தத்தையும் முன்னாடியே வாங்கிக்கிட்டுத் தியாகமாம்! இந்தத் தியாகத்தை யாரையாவது எங்களுக்கும் பண்ணச் சொல்லுங்களேன்!"

கோல்பியின் காது சிவந்தது. லாமொண்ட் வயிறு குலுங்கச் சிரித்தான்.

ரெனீட்டா பல் மருத்துவர். ஊருக்குள் சொந்தமாக வைத்திருக்கும் மருத்துவமனையில் இப்போதுதான் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. ஃப்ளோரிடா என்றால் மறுபடி முதலிலிருந்து. அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் கைகட்டி நின்றாள்.

"தொகை குறைஞ்சா குறையட்டும். ஆனா இவருக்கு அடிபட்டாலும் ரெண்டு வருஷச் சம்பளம் உறுதியா வரணும். அதுல பேரமே கிடையாது."

இங்க்ரிட் மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். உச்சவரம்புக்குள் நூலிழையில் அடங்கியது.

"சரி, உறுதி."

"அப்ப உள்ள வாங்க. நின்னுக்கிட்டேவா சாப்பிடுவீங்க?"

ட்ரேவன் சிகாகோவுக்குப் போனான். பர்ட் ஒரு வாரம் இங்க்ரிட்டோடு பேசவில்லை. செப்டம்பரில் முதல் ஆட்டம் முடிந்தபோது கோல்பியின் வெள்ளைக் கால்சட்டையில் புல் கறைகூட இல்லை. அரங்கமே அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது. லாமொண்ட் சேறு படிந்த முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரெனீட்டா எந்த வரிசையில் இருக்கிறாள் என்று தேடிக்கொண்டிருந்தான்.