மெமரியில் நிற்கும் வரிகள்

"எல்லா சர்வர்லயும் லிமிட் ஏத்தியாச்சு" என்று போன வாரம் மீட்டிங்கில் வாய் கூசாமல் சொன்னவள் அவள்தான். ஏற்றியது என்னவோ உண்மை. ஆனால் புது எல்லை இனிமேல் தொடங்கும் சேவைக்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பது பழைய எல்லைக்குள்ளேயே கிடக்கும். நன்றாக ஓடுவதைப் போய் ஏன் கிளற வேண்டும் என்று ரீஸ்டார்ட் செய்யாமல் விட்டுவிட்டாள். அந்தச் சோம்பேறித்தனம்தான் இப்போது வினையாக வந்து நின்றது.

சர்வருக்குள் யார் வந்தார்கள், எதைத் தொட்டார்கள் என்று விடாமல் எழுதிவைக்கும் புரோகிராம்தான் லாக் சேவை. ஒரே சமயத்தில் இத்தனை கோப்புகளைத்தான் அது திறந்துவைக்கலாம் என்பதுதான் அந்த எல்லை. நேற்று ஒரு சர்வரில், ஒரே கணினிக்குள் தனித்தனிக் கணினிகள்போல் ஓடும் விர்ச்சுவல் மெஷின்களைப் புதிதாக வரிசையாக ஏற்றியதில் கோப்புகள் பெருகி எல்லை முட்டி, எழுதுவது நின்றுபோனது. பார்த்து வைத்தாற்போல் அப்போதுதான் ஒரு வாடிக்கையாளரின் மொத்தத் தரவையும் யாரோ அழித்திருந்தார்கள்.

பழி அந்த சர்வரைப் பார்த்துக்கொள்ளும் மாமா மேல் விழுந்தது. ஆபீஸில் எல்லோருக்குமே அவர் மாமாதான். அவளுடைய பதிவுத் திருமணத்துக்கு அப்பா வராதபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டவர். "நான் நேத்து உள்ளேயே போகலம்மா" என்று காலையிலிருந்து அவள் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார். மதியம் விசாரணை. லாக் இல்லையென்றால் அவர் வேலை போய்விடும், அதுவும் தன்னால் போய்விடும்.

தோண்டித் துருவியதில் ஒன்று அகப்பட்டது. எழுத முடியாத வரிகள் அழியவில்லை. சேவையின் மெமரியில் அப்படியே காத்துக்கிடந்தன. சேவையை நிறுத்தாமல், ஓடும்போதே எல்லையை உயர்த்த ஒரு கட்டளை உண்டு. படபடவென்று அதைத் தட்டினாள்; எண்டர் மட்டும்தான் பாக்கி.

"பொழைச்சோம் மாமா! எல்லா வரியும் உள்ளதான் இருக்கு."

மாமா நாற்காலியின் முதுகைப் பிடித்துக் குனிந்தார்.

"எதுக்கும்மா வம்பு? பேசாம ரீஸ்டார்ட் பண்ணிடேன்."

"ஐயோ, ரீஸ்டார்ட் பண்ணா மெமரில இருக்கிறதெல்லாம் போயிடுமே மாமா!"

"தெரியும்" என்றார்.

அவள் விரல்கள் கீபோர்டின் மேல் அப்படியே நின்றன. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. மீட்டிங் அறைக் கதவைத் திறந்து மேனேஜர், "ரெண்டு பேரும் வர்றீங்களா?" என்றார்.

எண்டரைத் தட்டினாள்.

திரையில் வரிகள் மளமளவென்று இறங்கத் தொடங்கின. மாமா அதைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.