சொல்லிவிட்டுப் போனவர்கள்

சொர்ணவல்லியின் புருஷன் செத்த துக்க வீட்டில் வாய் தவறி "போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டதால், எதிர்வீட்டு ஆரோக்கியசாமி அந்த வீட்டுக்கே வந்துகொண்டே இருந்தார்.

சாவு வீட்டிலிருந்து சொல்லாமல் கிளம்ப வேண்டும் என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். சொந்தக்காரர்கள் எல்லாம் அப்படித்தான் சொல்லாமல் கொள்ளாமல் போனார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை. இரண்டு வீட்டுக்கும் பொதுவான தண்ணீர் மோட்டார் சண்டையில் அவர்களோடு வருஷக்கணக்காகப் பேசாதிருந்த மனுஷர், வாயைத் திறந்த அன்றே வினையை இழுத்துக்கொண்டார்.

அவர் தன் வீட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே சொர்ணவல்லியின் ஹால் இருந்தது. ரோஷத்தோடு திண்டுக்கல் பஸ் ஏறினார். பஸ் அவள் சமையலறையில் வந்து நின்றது. அடுப்பு பற்றவைக்காமலே கிடந்ததால் யாருக்கும் சூடு படவில்லை.

"கடைசி ஸ்டாப். இறங்குங்க" என்றார் கண்டக்டர். சொர்ணவல்லி அவருக்கும் தண்ணீர் கொடுத்தாள்.

பிடிவாதத்தில் அவள் யாருக்கும் இளைத்தவள் இல்லை. இவரை அனுப்பியே தீருவது என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வராந்தா வழியே கூட்டிப்போனாள். வராந்தா நீண்டது. நடுவில் ஒரு பல் ஆஸ்பத்திரி வந்தது, அப்புறம் ஒரு கரும்புக் காடு. முடிவில் அவள் வீட்டு வாசலே வந்தது. இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள்.

"'போறேன்'னு மட்டும் சொல்லுங்க. எல்லாம் சரியாயிடும்."

ஆரோக்கியசாமி வாயெடுத்தார். சொர்ணவல்லிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறப்ப எங்க வீட்டுக்காரரும் 'போய்ட்டு வரேன்'னுதான் சொன்னாரு. ஒங்க சொல்லு மட்டும் பலிக்குது. அவர் சொன்னது என்னாச்சு?"

ஆரோக்கியசாமி வராந்தாவை எட்டிப் பார்த்தார். அது இன்னும் நீண்டுகொண்டிருந்தது.

"தூரம் சாஸ்தியா இருக்கும்மா. நடந்துக்கிட்டிருப்பாரு. நான் 'போறேன்'னு சொல்லிட்டா இந்த வழி மூடிக்குமோ?"

"மூடிக்கும்."

"அப்ப நான் ஏன் சொல்றேன்?"

மறுபடி செருப்பை மாட்டினார். சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்.

"போய்ட்டு வரேன். வழியில பாத்தா கையோட கூட்டியாரேன்."

"அண்ணே" என்றாள் சொர்ணவல்லி. அப்படி அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அப்படியே மோட்டாரையும் போட்டுட்டுப் போங்க."

பிறகு அடுப்பைப் பற்றவைத்தாள். மூன்று பேருக்கு அரிசி களைந்தாள்.