மூன்றாவது பெட்டி

கூடத்தில் இருந்தவர்கள்: சுவரோரம் அம்மா. அவள் முன்னால் வெள்ளைத் துணிக்குள் அப்பா. வாசற்படியில் லாரி டிரைவர். அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தபடி அண்ணன். நாற்காலியில் தாளும் பேனாவுமாக வண்டி ஆய்வாளர். ஜன்னலோரம் மகள், அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

"சட்டையை விடுப்பா. சாவு வீடு இது," என்றார் ஆய்வாளர்.

"கியர் எதுன்னே தெரியாதவன்லாம் லாரி ஓட்ட வந்துட்டான் சார். எங்கப்பாவைச் சுவத்தோட வச்சு நசுக்கிட்டான்."

"ஃபர்ஸ்ட்தான் போட்டேன்," என்றான் டிரைவர். "இடது பக்கம், மேல. கியர் கம்பிக் குமிழ்ல அப்படித்தானே கோடு போட்டிருக்கு? சக்கரத்துக்குப் பின்னாடி இருந்த கட்டையை இவங்கப்பா உருவிட்டு, 'முன்னால எடுடா தம்பி'ன்னார். எடுத்தேன். பின்னால பாஞ்சிடுச்சு."

"மேல போட்டா எப்படிய்யா பின்னால போகும்? வண்டிக்கு என்ன பேய் பிடிச்சிருக்கா?" ஆய்வாளர் எழுதத் தொடங்கினார். "நாலு கியர் பெட்டி. டிரைவர் கவனக்குறைவா ரிவர்ஸ் போட்டுட்டார். அவ்வளவுதான்."

அண்ணன் பிடியை விடவில்லை.

மகள் ஆய்வாளரின் பேனாவைப் பார்த்தாள். அப்பாவின் பட்டறைக்கு வரும் பழைய கியர் பெட்டிகளில் எது எந்த வண்டிக்கு ஆகும் என்று பிரிப்பது அவள் வேலை. பெட்டியில் வார்த்திருக்கும் எண் துருவேறிப் போயிருக்கும். நாலு கியர் பெட்டிக்கும் ஐந்து கியர் பெட்டிக்கும் மேல்மூடி ஒன்றேதான், அதே எட்டு போல்ட். ஆனால் நாலில் ஃபர்ஸ்ட் இருக்கும் இடத்தில் ஐந்தில் ரிவர்ஸ் இருக்கும். ஒவ்வொரு கியராகப் போட்டு, முன் தண்டைக் கையால் சுற்றி, பின் தண்டு எந்தப் பக்கம், எத்தனை சுற்று வருகிறது என்று பார்த்தால்தான் நிச்சயம். "போல்டை எண்ணிப் பேர் வைக்காதே. சுத்திப் பாரு, அவனே பேரைச் சொல்லுவான்" என்பார் அப்பா. அண்ணன் பிரித்து வைத்ததை அவர் மறுபடி சுற்றிப் பார்ப்பார். அவள் பிரித்ததைப் பார்ப்பதில்லை.

போன வாரம் மூன்று பெட்டிகள் வந்தன. இரண்டைச் சுற்றிப் பார்த்தாள். மூன்றாவதற்குள் கை அசந்துவிட்டது. மூடியைப் பார்த்தாள், சுண்ணாம்புக் கட்டியால் '4' என்று எழுதினாள். அப்பா அதைத் தூக்கி லாரியில் மாட்டினார். பழைய நாலு கியர் குமிழைக் கழற்றி இதன் கம்பித் தலையில் திருகினார்.

இன்று காலையில், தொடக் கூடாது என்று போலீஸ் தாள் ஒட்டியிருந்த லாரிக்கு அடியில் அவள் புகுந்து பெட்டியின் நீளத்தைக் கையால் அளந்தாள். நாலு கியர் பெட்டியைவிட நாலு விரற்கடை அதிகம். வெளியே வந்தபோது அண்ணன் நின்றிருந்தான். நாலு விரலை அளந்தபடியே நின்ற அவள் கையைப் பார்த்தான். "வாயைத் திறந்தே, அம்மா தாங்க மாட்டா. யோசிச்சுக்கோ" என்றான்.

இப்போது ஆய்வாளர் தாளை டிரைவர் பக்கம் நீட்டினார். "கையெழுத்துப் போடு."

"எனக்கு ரெண்டு பொண்ணுங்க சார்." பேனாவை அவன் வாங்கவில்லை.

"சார்," என்றாள் மகள்.

அண்ணன் திரும்பினான். "பாப்பா, உள்ள போ."

"அது அஞ்சு கியர் பெட்டி சார். டிரைவர் போட்டது சரிதான். குமிழ்தான் தப்பு. பெட்டியை நாலுன்னு எழுதினது நான். சுத்திப் பாக்கல."

அண்ணனின் கை டிரைவரின் சட்டையிலிருந்து தானாக நழுவியது.

"உங்கப்பா பாக்கலையா?" என்றார் ஆய்வாளர்.

"நான் எழுதினா பாக்க மாட்டார்."

ஆய்வாளர் தாம் எழுதிய தாளை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்தார். "பட்டறைக்கு வந்து காட்டணும்மா. எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியாது. அப்புறம் ஸ்டேஷனுக்கும் வரணும்."

"வர்றேன் சார்."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அப்பாவின் கால்மாட்டில் துணியை நீவிக்கொண்டிருந்தாள். சுருக்கமே இல்லாத இடத்தைத் திரும்பத் திரும்ப நீவினாள்.

டிரைவர் ஒதுங்கி வழிவிட்டான். "தங்கச்சி..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். ஆய்வாளர் முன்னால் நடந்தார்.

பின்னால் யாரோ எழுந்து வரும் சத்தம் கேட்டது, சேலையின் சரசரப்போடு. அண்ணனின் நடை இல்லை அது. கதவு சாத்தப்பட்டது. தாழ் விழுந்தது. சற்றுப் பொறுத்து, பூட்டில் சாவி ஒரு முறை திரும்பியது. பிறகு இன்னொரு முறை.