சுறா எண்ணெய் குடித்த புல்லாங்குழல்

பெட்டியைத் திறந்ததும் சுறா எண்ணெய் வாடை கிறகோரியின் மூக்கில் ஏறியது. வள்ளத்துக்குப் பூசுகிற எண்ணெய். மீன்பிடி ஊரான குருநகரில் அது எந்த மூலையிலும் மணக்கும், அது வேறு கதை. ஆனால் இந்தப் பெட்டிக்குள் முந்தநாள்வரை மணந்ததில்லை.

உள்ளே கிடந்தது பிரான்சுக்குத் திரும்பிப் போன பாதிரியார் விட்டுச் சென்ற மரப்புல்லாங்குழல். ஐரோப்பாவின் பழைய பரோக் காலத்து அமைப்பு. ஆறு துளை, சுண்டுவிரலுக்கு ஒரேயொரு பித்தளைச் சாவி. இந்தக் காலத்து வெள்ளிக் குழல் மாதிரிக் கத்தாது. ஒரு சுரம் வெயிலில் நிற்கும், பக்கத்துச் சுரம் நிழலுக்குள் போய் ஒளிக்கும். அந்த நிழலுக்காகவே கிறகோரி வருசக்கணக்காய் அதைக் கட்டிக்கொண்டு கிடந்தான். நாளைக்குக் கொழும்பிலிருந்து மார்கிரட் ரீச்சர் வருகிறார். கோயிலுக்குச் சொந்தமான குழலைச் சங்கீதப் பள்ளிக்குக் கொண்டுபோவதா, இவனிடமே விடுவதா என்று, இவன் ஊதுவதைக் கேட்டுப் பார்த்து முடிவு சொல்லப் போகிறார். இந்த நேரம் பார்த்து எண்ணெய்!

இது அடைக்கலநாதன் வேலைதான். அடுத்த வளவுக்காரன், கோயில் பாட்டுக்காரன். குழல் வந்த நாள்முதல் அவன் குரலைச் சனம் கவனிப்பதில்லை.

கிறகோரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "மச்சான், என்ரை பெட்டியிலை கை வச்சனியோ?"

"உன்ரை குழல் எனக்கென்னத்துக்கு? அடுப்பு ஊதவோ?"

"சிரியாதை. உள்ளுக்கை சுறா எண்ணெய் மணக்குது."

"சுறா எண்ணெயை உனக்குச் சும்மா ஊத்த எனக்கென்ன விசரோ?"

இவ்வளவு கெதியாய்ப் பதில் சொல்கிறவன் கள்ளன்தான் என்று கிறகோரி முடிவு கட்டினான். பின்னேரம், வலை பார்க்கப் போவதாய்ப் பெண்சாதி ஸ்ரெல்லாவிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தால் திரும்பி வந்து யன்னலடியில் குந்தினான்.

அடைக்கலநாதன் வரவில்லை. ஸ்ரெல்லா வந்தாள். ஒரு கையில் சிரட்டை, மறு கையில் சீலைத்துண்டு.

"எடியே, என்ன செய்யிறாய்?"

"ஐயோ மாதாவே!" துள்ளி விழுந்தாள். "எண்ணெய் பூசிறன். காய்ஞ்ச கச்சான் காத்துக்கு மரம் வெடிக்குமெண்டு நீங்கள்தானே புலம்பினியள்? எங்கடை அப்பு பூசின வள்ளம் ஒண்டாவது வெடிச்சதோ?"

"இது வள்ளமோ?"

"மரந்தானே!"

பித்தளைச் சாவிக்கு அடியிலிருந்த தோல் எண்ணெயில் ஊறி ஒட்டிப்போயிருந்தது. அது விட்டுக்கொடுக்கும்வரை கிறகோரி துடைத்தான். வாடை மட்டும் போகவில்லை.

அடுத்த நாள் கோயில் மண்டபத்தில் ஊதினான். எண்ணெய் குடித்த மரத்திலிருந்து கீழ்ச் சுரங்கள் தடித்து உருண்டு வந்தன. மார்கிரட் ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். அடைக்கலநாதன்கூட வாயை மூடினான்.

"உது இஞ்சை கிடக்கிற சாமான் இல்லைத் தம்பி," என்று ரீச்சர் எழுந்து வந்தார். "தாங்கோ பாப்பம்."

நன்றாக ஊதித் தொலைத்துவிட்டேனே என்று தன்னையே நொந்தபடி கிறகோரி குழலை நீட்டினான். ரீச்சர் குழலை உதட்டில் வைத்து மூச்சை இழுத்தார். உடனே அதைத் திருப்பி நீட்டிவிட்டு கைலேஞ்சியைத் தேடி எடுத்து வாயைப் பொத்தினார்.

"வச்சிருங்கோ. நீங்களே வச்சிருங்கோ."

வீட்டுக்கு வரும் வழியில் ஸ்ரெல்லா முன்னால் நடந்தாள். அவள் தோள் சிரிப்பில் குலுங்குவது போலிருந்தது.

"இஞ்சேர், உண்மையைச் சொல்லு. வெடிக்குமெண்டு பூசினியோ, ரீச்சருக்கு மணக்கட்டுமெண்டு பூசினியோ?"

"உங்கடை குழலைப் பற்றி எனக்கென்ன தெரியும்?"

கிறகோரி அவளை நம்பவில்லை. அவள் பெட்டியை அவன் கையிலிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடையைக் கூட்டினாள்.